மேல் நட்டு, கீழ் நட்டு

கார் தன்மேல் விழுந்தால் தமயந்தி முதலில் யாருக்குப் போன் செய்வாள் என்று யோசித்தபடி அருணகிரி போர்டிகோ தரையில் மல்லாந்து கிடந்தான். ஆம்புலன்சுக்கு இல்லை. சூசைக்குத்தான் செய்வாள். அதில் நியாயமும் இருந்தது. காரைத் தூக்கும் பெரிய ஜாக்கி பால்பண்ணைப் பக்கம் சூசையின் மெக்கானிக் ஷெட்டில்தான் இருக்கிறது. மினி ஆட்டோவில் அதைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரத்தில் கே.கே. நகர் வந்துவிடுவான். வந்ததும், டாக்டரம்மா நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்பான், அந்தக் குரலிலேயே அவளுக்குப் பாதிப் பயம் போய்விடும். காருக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும்போதுகூட அந்தக் குரலைக் கேட்க வேண்டியிருக்குமே என்று அருணகிரிக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கார் விழாது. அந்த வேலையை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்திருந்தான். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, நான்கு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டின் மேலேயே வண்டியை உட்கார வைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைந்தான். முதுகுக்குக் கீழே சிமெண்டு சில்லென்றிருந்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வண்டியின் வயிறு. பதினொரு மணிக்குத் தமயந்தி புள்ளம்பாடி கிளம்ப வேண்டும், மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம். இப்போது ஒன்பதரை. காரைக் கழுவப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவுகிற கணவன் என்றால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். அவள் இன்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றியபடியே, என்ன பண்ணினீங்க, வண்டி வெண்ணெய் மாதிரி போகுதே என்று சொல்ல வேண்டும். அந்த வெண்ணெய் ஏற்கெனவே சூசைக்குப் போய்விட்டது. போன வாரம் ஏதோ ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, சூசைண்ணன் கைபட்டா வெண்ணெய் மாதிரி ஆயிடுதுங்க என்றாள். அதற்கு முன்னால் என்ன சொன்னாள், பின்னால் என்ன சொன்னாள் என்பது அவன் காதில் விழவில்லை, வெண்ணெய் மட்டும் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. அண்ணன் என்று ஒட்டவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா. சந்தேகப்படுகிற ஆள் இல்லை அருணகிரி, அதைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். சூசைக்கு ஐம்பத்திரண்டு வயது, தொப்பை, முன்பல் ஒன்று இல்லை, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து லட்டு அனுப்பியவன். பொறாமைப்படுவதற்குக்கூட லாயக்கில்லாத ஆள். அதுதான் வலித்தது. மாப்பிள்ளை மாதிரி ஒருவன் என்றால் ஊரறியச் சண்டையாவது போடலாம். பல் இல்லாத ஒருவனிடம் தன் மனைவி கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது. ஒரே ஒரு முறை ஷெட்டுக்குக் கூடப் போயிருந்தான். சூசை பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, எங்கம்மா அந்த உதறல் வருது, மேட்டுல ஏறும்போதா, பிரேக்கை விட்டதுமா என்று கேட்டான். அவள் சொன்னாள். பத்து நிமிடம் சொன்னாள். லால்குடி ரயில்வே மேம்பாலம் ஏறுவதை ஒரு கையாலும் கியர் மாறுவதை இன்னொரு கையாலும் காட்டிச் சொன்னாள். அவன் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை, முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். அருணகிரி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவள் கைகள் இப்படி அசைந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அங்கே உட்கார்ந்துதான் கணக்குப் பார்த்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மொட்டை மாடியில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆமாண்ணே, கியர் ஆயிலை மாத்தணும்னு சொன்னீங்கல்ல, அதைப் பத்தித்தான் என்றாள். அவன் துணி எடுக்கப் போனவன் மாடிப்படியிலேயே நின்றுவிட்டான். அன்றைக்கே முடிவு செய்தான், இந்த ஆயிலை நான் மாற்றுகிறேன். ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில் நான்கு லிட்டர் கேன் ஒன்றை, வண்டியின் கையேட்டில் போட்டிருக்கிற அதே ரகம் பார்த்து, தான் வேலை பார்க்கும் கல்லூரி முகவரிக்கு வரவழைத்தான். தேர்வுப் பிரிவு கண்காணிப்பாளரான அவன் மேஜைக்கு அடியில் அது இரண்டு நாள் வினாத்தாள் கட்டுகளோடு ஒளிந்திருந்தது. வீடியோவும் பார்த்தான். அதில் ஒருவன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். அருணகிரிக்குப் பேச்சு ஆகாது. விரலால் தள்ளித் தள்ளி, கை வேலை செய்கிற இடம் வந்ததும் நிறுத்தினான். வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை வெதுவெதுப்பாக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கீழ் நட்டைத் திருப்ப வேண்டும், ஆயில் வடியும். இதில் சூசைக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்ன இருக்கிறது. கொசு அடிக்கும் பேட்டில் இருக்கும் விளக்கை டார்ச்சாக வைத்துக்கொண்டு கீழ் நட்டைத் தேடினான். வீட்டில் உருப்படியான டார்ச் கிடையாது, இதையும் அவள் ஒரு தரம் சொல்லியிருக்கிறாள் போல. நட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. கம்பெனி அடையாளமாக இருக்கும் என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினான். எளிதாகவே திரும்பியது. தனக்கு இவ்வளவு பலம் இருப்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. துணி ஊறவைக்கும் பச்சை பேசினை அடியில் நகர்த்தி, கடைசிச் சுற்றை விரலால் திருப்பியதும் ஆயில் கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் வெதுவெதுவென்று இறங்கியது.

ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பு. அருணகிரி தலையைத் திருப்பிப் பேசினைப் பார்த்தான். வீடியோவில் வடிந்தது கறுப்பு, இரண்டு நாள் வைத்த கஷாயம் மாதிரி, அதில் மினுக்மினுக்கென்று இரும்புப் பொடி வேறு. இதில் பொடி இல்லை, நாற்றம் இல்லை, அடிவரைக்கும் பேசினின் பச்சை தெரிந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அப்படியானால் இந்த ஆயிலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒன்றுமே ஆகாத ஆயிலை மாற்ற வேண்டும் என்று சூசை சொல்லியிருக்கிறான். எதற்கு? அவளை இன்னொரு தடவை ஷெட்டுக்கு வரவழைக்க. பானெட்டில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள. ஏமாற்றுக்காரன். அவள் வாயிலிருந்து வருவதை வேதவாக்கு மாதிரி கேட்டானே, அத்தனையும் நடிப்பு. வியர்வை காதுக்குள் இறங்கியது, அருணகிரி துடைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இந்த ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து டைனிங் டேபிளில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எதுவும் சொல்லக் கூடாது. அவளே பார்ப்பாள். அவளே கேட்பாள். என்னங்க இது? இதுவா, உங்க சூசைண்ணன் கெட்டுப்போச்சுன்னு சொன்ன ஆயில். அவள் முகம் எப்படி மாறும், முதலில் நம்பமாட்டாள், பிறகு மெதுவாக, அப்ப அவரு பொய்யா சொன்னாரு என்பாள். அந்த இடத்தில் அவன் பெருந்தன்மையாக, விடு, தொழில்னா அப்படித்தான் இருக்கும் என்பான். இந்த வசனத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். தொழில்னா அப்படித்தான் என்பதோடு நிறுத்துவதா, பாவம் அவனும் பிழைக்கணும்ல என்று சேர்ப்பதா. பாவம் சேர்த்தால் இன்னும் நன்றாக இருந்தது. வடிவது நூலாக இளைத்து, சொட்டாகி, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் நேரம் எடுக்கத் தொடங்கியது. வடிந்தது எவ்வளவோ அவ்வளவே திரும்ப ஊற்ற வேண்டும் என்பதால் அளவு குவளையால் மொண்டு அளந்தான், மூன்று லிட்டரும் கொஞ்சமும். கீழ் நட்டைப் புது வாஷர் போட்டு இறுக்கினான்.

இனி ஊற்ற வேண்டியதுதான். வெளியே வந்து பானெட்டைத் திறந்து, கியர் பெட்டியின் பக்கவாட்டில் ஊற்றுகிற மேல் நட்டைத் தேடினான். இருந்தது. ஆனால் அது ஸ்பேனர் பிடிக்கும் நட்டு இல்லை. நடுவில் ஆறு மூலைக் குழி, அதற்குள் ஆலன் கீ நுழைத்துத்தான் திருப்ப முடியும். அவன் பெட்டியில் இருந்ததில் பெரியது எட்டாம் நம்பர். அது குழிக்குள் போய்ச் சும்மா சுற்றியது. துணியைச் சுற்றி நுழைத்தான், வழுக்கி விரல் முட்டி ரேடியேட்டர் ஓரத்தில் இடித்துத் தோல் உரிந்தது. அப்போதுதான் வீடியோக்காரன் பேசிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மூலை ஞாபகத்துக்கு வந்தது. தள்ளிவிடும்போது ஒரு நொடி காதில் பட்டது, மொதல்ல மேல ஊத்துற நட்டு திறக்குதான்னு பாருங்க, அது திறந்தாத்தான். அதற்குள் விரல் தள்ளிவிட்டது. திறந்தால்தான் என்ன என்பது இப்போது புரிந்தது. திறந்தால்தான் கீழ் நட்டைத் தொடலாம். வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்கிறவன் எவ்வளவு பெரிய மடையன் என்று அவன் தன்னையே பார்த்தான். மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை. ஹார்டுவேர் கடைக்காரர்கள் எல்லாரும் வீட்டில் கறி தின்றுகொண்டிருப்பார்கள். குனிந்து கொசு பேட்டை கிட்டே பிடித்துப் பார்த்தான். இங்கேயும் வெள்ளை. இது தீற்றல் இல்லை. பெயிண்டால் போட்ட ஒரு சின்னச் சிலுவை, ஒரு கை நட்டின்மேல், ஒரு கை பெட்டியின்மேல், நட்டு ஒரு நூல் திரும்பினாலும் சிலுவை உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சூசை. என் மனைவியின் காரில், என் வீட்டுப் போர்டிகோவில், என் மூக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறான். கீழே நான் உடைத்ததும் ஒரு சிலுவையைத்தான். அருணகிரிக்குக் காது சூடானது. எப்போது போட்டான், எதற்குப் போட்டான் என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவில்லை, போட்டான் என்பதே போதுமானதாக இருந்தது.

உள்ளேயிருந்து தமயந்தியின் குரல் வந்தது. "ஏங்க, இன்னுமா கழுவுறீங்க?" அவன், "ம்" என்றான். அந்த ம்-ஐ அவன் தினம் இருபது முறை சொல்வான், எந்தக் கேள்விக்கும் பொருந்தும். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம். தலைக்குக் குளிக்கப் போகிறாள், அரை மணி நேரம் ஆகும். புள்ளம்பாடியில் மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நிற்பார்கள், தடுப்பூசி ஐஸ் பெட்டியில் இருக்கிறது, ஐஸ் உருகும். வாடகைக் கார் சொல்லலாம். சொன்னால் நம் கார் என்ன ஆயிற்று என்பாள். போனை எடுத்தான். சூசையின் எண்ணை அவன் பேர் போட்டு வைத்திருக்கவில்லை, 'கார் ஷெட்' என்று வைத்திருந்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாயிற்று.

"சொல்லுங்க சார், சூசை பேசுறேன்."

"ஒண்ணுமில்ல. கியர் ஆயில் ஊத்துற மேல் நட்டு இருக்குல்ல, அதுக்கு எத்தனாம் நம்பர் சாவி?"

"பத்து சார். எதுக்கு? சார், கீழ் நட்டைத் தொடலையே?"

"வடிச்சாச்சு."

"அய்யோ சார். சாவியைப் போட்டு வண்டியை ஆன் பண்ணிடாதீங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிடுங்க. ஆயில் இல்லாம ஓடுனா உள்ள எல்லாம் அரைச்சிரும். சர்ச்சுல பூசை முடிஞ்சு இப்பத்தான் வெளிய வந்தேன், இருபது நிமிஷத்துல வந்துர்றேன்."

இங்கே நன்றி சொல்லி வைத்திருக்கலாம். அருணகிரியால் முடியவில்லை. வைத்திருந்த வசனத்தில் பாதியையாவது சொல்லாமல் விட மனசு வரவில்லை. "ஆயிலைப் பாத்தேன். சிவப்பா, புதுசாட்டம் இருக்கு. இதை எதுக்கு மாத்தணும்னு சொன்னீங்க?"

"புதுசுதான் சார். போன புதன்கிழமைதானே மாத்துனோம்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்." சூசையின் குரலில் கிண்டல் இல்லை. "வண்டியைத் தூக்கி வச்சிட்டேன். டாக்டரம்மாதான், இருங்கண்ணே, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னு போனை எடுத்துக்கிட்டு எதிர்ல புங்க மரத்தடிக்குப் போனாங்க. ரொம்ப நேரம் பேசுனாங்க. நான் ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு உக்காந்திருந்தேன். வந்து, சரின்னுட்டாருண்ணே, நாமக்கல்லுக்கும் சரின்னுட்டாருன்னு சொன்னாங்க. அப்படி ஒரு சந்தோசம் சார் முகத்துல. அப்புறந்தான் நட்டைத் தொட்டேன்."

"நாமக்கல்லுக்கு" என்றான் அருணகிரி. கேள்வி மாதிரி வரவில்லை.

"மேல்படிப்புக்கு சார். தினம் போக வர நூத்தி எழுபது கிலோமீட்டர் இந்த வண்டிதானே ஓடணும், அதான் ஆயிலை முன்கூட்டியே மாத்திரலாம்னு சொன்னேன். வர்றேன் சார், நீங்க எதையும் தொடாதீங்க."

போன் அணைந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தான். பிறகு எடுத்து, புதன்கிழமையைத் தேடி விரலால் மேலே தள்ளினான். இருந்தது. தமயந்தி, மாலை நாலு பன்னிரண்டு, ஆறு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. புதன்கிழமை நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் பருவத் தேர்வுக்கு ஹால் ஒதுக்கும் பட்டியல், பி பிளாக்கில் ஒரு அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று அதை மட்டும் மாற்றி எழுதியது, பச்சை மை தீர்ந்தது, பியூன் கொண்டுவந்த டீயில் ஏடு மிதந்தது. எல்லாம் ஞாபகம் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்ததுகூட ஞாபகம் இருந்தது. அதிலிருந்து வந்த குரல் மட்டும் இல்லை. எவ்வளவு நெருக்கிப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு இரைச்சல், அதன் முடிவில் தன் குரல், சரி சரி, செஞ்சிடு. ஆயிலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் மீதி ஐந்து நிமிடத்துக்கு மேல். ஒரு படிப்பை, பரீட்சை எழுதி இடம் வாங்கியதை, இந்த வயதில் போகட்டுமா என்று கேட்டதை, புங்க மரத்தடியில் நின்று, ஒருவேளை ஒரு கையை ஆட்டி ஆட்டிக்கூட, அவள் சொல்லியிருக்கிறாள். மரத்தடியில் அசைந்த அந்தக் கையைச் சூசை தூரத்திலிருந்து பார்த்திருப்பான். சொல்லை அவனும் கேட்டிருக்க மாட்டான். இதுவரை சூசையிடம் இருக்கிறது என்று எதை நினைத்து வெந்தானோ அது முழுவதும் ஆறு நிமிடத்துக்குத் தன் மேஜைமேல் வந்து கிடந்திருக்கிறது. அருணகிரிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த ஆளின் மேல், அவள் குரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹால் பட்டியல் திருத்திய அந்த ஆளின் மேல், சூசைமேல் வந்ததைவிட அதிகமாகப் பொறாமை வந்தது.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தமயந்தி வாசலுக்கு வந்தாள். ஸ்டாண்டின் மேல் நின்ற காரையும், பச்சை பேசினையும், அதில் இருந்த சிவப்பையும், அவன் விரல் முட்டியில் இருந்த சிவப்பையும் வரிசையாகப் பார்த்தாள். கால்நடை மருத்துவர்களுக்குக் கத்துகிற பழக்கம் கிடையாது. "அது புது ஆயில்ங்க" என்றாள்.

"தெரியும். சூசை வர்றாரு." வர்றான் என்று வந்ததைக் கடைசி எழுத்தில் திருத்திக்கொண்டான். "பத்தாம் நம்பர் சாவி அவர்கிட்டத்தான் இருக்கு. நீ பதினொண்ணரைக்குக் கிளம்பலாம். புள்ளம்பாடிக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

"சரி." அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"தமயந்தி. நாமக்கல்ல எப்போ சேரணும்?"

அவள் நின்றாள். துண்டிலிருந்து தண்ணீர் தோளில் இறங்கியது. "புதன்கிழமை சொன்னேனே."

புரிந்துகொண்டதாகத் தலையாட்டிவிட அப்போதும் வழி இருந்தது. தேதியை மறந்துவிட்டேன் என்றால் நம்பிவிடுவாள். "காதுல விழல" என்றான். "தேதி மட்டும் இல்ல. எதுவுமே விழல. முதல்ல இருந்து சொல்லு."

சண்டை வரும் என்று காத்திருந்தான், வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டாள். "போன வருஷம் சமயபுரம் பக்கத்துல ஒரு எருமைக்குக் கருப்பை புரண்டுபோச்சுன்னு சொன்னேன்ல" என்று ஆரம்பித்தாள். சொன்னாளா? அதையும் சொன்னாளா? அதையும் தான் கேட்கவில்லையா, எருமைக்குக் கருப்பை புரண்டது சூசைக்குத் தெரியுமோ, அன்றைக்குக் கார் ஷெட்டில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும், அவன் பானெட்டில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எருமையையும் கேட்டிருப்பான், தெருமுனையில் ஏதோ பைக் சத்தம், அவன்தானா, இருபது நிமிடம் என்றானே, இல்லை, பால் வண்டி. அருணகிரி திடுக்கிட்டு நிமிர்ந்தான். தமயந்தியின் வலது கை மடியிலிருந்து எழுந்து காற்றில் எதையோ புரட்டிக் காட்டிவிட்டு நின்றிருந்தது, அவள் ஏதோ கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று வாக்கியங்கள் போய்விட்டிருந்தன. வாய்க்குள் ம் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, பேசினைத் தள்ளிவைத்து, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"இப்பவும் விட்டுட்டேன்" என்றான். "எருமையில இருந்து திரும்பச் சொல்லு."